குறைஞ்ச வருமானக் குடும்பங்களுக்கு வீடுன்னாலே ஊர்க் கூட்டத்துல ஏன் இவ்ளோ சண்டை? யார் சொல்றது சரி?

புதுசா படிக்கிறவங்களுக்காக கேள்விய சுருக்கமா சொல்லிடுறேன். ஒரு நகராட்சி, கட்டுப்படியாகுற விலையில வீடு கிடைக்கணும்னு கொள்கை ஒண்ணு கொண்டுவருது. தனி வீடு மட்டும்தான் கட்டலாம்னு இருந்த ஏரியாவுல நாலு மாடி வரைக்கும் அனுமதி, பெரிய அபார்ட்மெண்ட் கட்டுனா அதுல ஒரு பங்கு வீடுகள குறைஞ்ச வருமானக் குடும்பங்களுக்கு ஒதுக்கணும். இதுக்கு ஊர்க் கூட்டத்துல பயங்கர வாக்குவாதம். சொந்த வீடு இருக்கறவங்க டிராஃபிக் ஏறும், வீட்டு மதிப்பு இறங்கும்ங்கறாங்க, வாடகைக்கு இருக்கறவங்க சம்பளத்துல பாதி வாடகைக்கே போகுதுங்கறாங்க, இன்னொரு கூட்டம் இதெல்லாம் பில்டருக்கு லாபம் சேர்க்கிற வேலைன்னு ரெண்டு பேரோடயும் மல்லுக்கு நிக்குது. யார் சொல்றது சரின்னு கேட்டிருக்கீங்க.

நகரத் திட்டமிடல் வேலையில இருக்கறவன்ங்கற முறையில நேரா சொல்றேன். இந்தச் சண்டையில ரொம்ப பாதிக்கப்படுற ஆள் அந்தக் கூட்டத்துலயே இல்ல. அந்த வீட்டக் கட்டுனா அதுல குடி வரப்போற குடும்பம் இன்னைக்கு வேற எங்கயோ ஒரு இடத்துல நெருக்கியடிச்சு இருக்கு, இந்த ஊர்ல அவங்களுக்கு ஓட்டு கூட இருக்காது, கூட்டம் நடக்குற விஷயமே தெரியாது. எதிர்க்கிறவருக்கு தன் வீட்டுக்குப் பக்கத்து மனை எதுன்னு நல்லாத் தெரியும், அதனால வேலைய விட்டுட்டு வந்து மைக்க பிடிக்கிறார். ஆதாயம் அடையப்போறவருக்கு அது தன் வீடுன்னே இன்னும் தெரியாது. மத்த எல்லா வாதத்தையும் இத மனசுல வச்சுக்கிட்டுதான் எடை போடணும்னு நான் நினைக்கிறேன்.

இது சும்மா என் ஊகம் இல்ல. அமெரிக்காவுல பாஸ்டன் பல்கலைக்கழகத்த சேர்ந்த கேத்தரின் ஐன்ஸ்டீன், டேவிட் கிளிக், மேக்ஸ்வெல் பால்மர்னு மூணு ஆய்வாளர்கள், மாசசூசெட்ஸ் மாநிலத்துல 97 ஊர்கள்ல 2015லேர்ந்து 2017 வரைக்கும் நடந்த கட்டட அனுமதிக் கூட்டங்களோட மினிட்ஸ, அதாவது யார் என்ன பேசுனாங்கங்கற குறிப்ப எடுத்து, பேசுனது யார் யார்னு வாக்காளர் பட்டியலோட ஒப்பிட்டுப் பாத்தாங்க. புது வீடுகளுக்கு ஆதரவா பேசுனவங்க 15 சதவீதம் கூட இல்ல, எதிர்த்துப் பேசுனவங்க 60 சதவீதத்துக்கு மேல. பேசுனவங்க ஊர்ல இருக்குற மத்தவங்கள விட வயசு கூடுனவங்க, சொந்த வீடு வச்சிருக்கவங்க, ஆம்பளைங்க அதிகம். ஆனா பாருங்க, அதே மாநிலத்துல 1969லேர்ந்து ஒரு சட்டம் இருக்கு, ஒரு ஊர்ல குறைஞ்ச விலை வீடு 10 சதவீதத்துக்குக் கீழ இருந்தா அந்த வீடுகளக் கட்டுறவங்க உள்ளூர் ஜோனிங் ரூல்கள, அதாவது எந்த ஏரியாவுல என்ன மாதிரி கட்டடம் கட்டலாம்ங்கற விதிகளத் தாண்டி அனுமதி வாங்கலாம்னு. 2010ல இந்தச் சட்டத்தையே ரத்து பண்ணலாமான்னு மாநிலம் முழுக்க ஓட்டுக்கு விட்டாங்க. ஏறக்குறைய 58 சதவீதம் பேர் சட்டம் இருக்கட்டும்னு போட்டாங்க. அதாவது ஓட்டுப் பெட்டிக்குப் போற ஊர் வேற, சாயங்கால கூட்டத்துக்கு வர்ற ஊர் வேற. 2020ல கொரோனா சமயத்துல கூட்டமெல்லாம் ஆன்லைனுக்கு மாறுச்சே, வேலைக்குப் போறவங்க, கைக்குழந்தை வச்சிருக்கவங்க எல்லாம் இனிமே வருவாங்கன்னு எதிர்பார்த்தாங்க. பெருசா ஒண்ணும் மாறல. அப்ப பிரச்சினை கூட்டம் நடக்குற நேரத்துலயோ இடத்துலயோ மட்டும் இல்ல, ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியா பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட சம்மதம் கேக்குற முறையிலயே இருக்கு.

இந்த முறை திடீர்னு வந்ததும் இல்ல. 1926ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜோனிங் செல்லும்னு தீர்ப்பு சொன்னப்போ, தனி வீடுங்க இருக்குற ஏரியாவுல வர்ற அபார்ட்மெண்ட ஒட்டுண்ணின்னே எழுதி வச்சுது. கலிபோர்னியாவுல 1950ல மக்கள் ஓட்டுப் போட்டு மாநில அரசியல் சாசனத்துலயே ஒரு பிரிவச் சேத்தாங்க, குறைஞ்ச வருமானக்காரங்களுக்கு அரசு வீடு கட்டணும்னா அந்த ஊர் மக்கள் முதல்ல ஓட்டுப் போட்டு ஒத்துக்கணும்னு. பங்களா கட்ட யாரும் ஓட்டு எடுக்கல, ஏழைக்கு வீடு கட்ட மட்டும் எடுக்கணும். 1971ல உச்ச நீதிமன்றமும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. இன்னைக்கு கூட்டத்துல பேசுறவங்க இந்த வரலாற மனசுல வச்சுக்கிட்டு பேசல, அது எனக்குத் தெரியும், ஆனா அவங்க கையில இருக்குற ரூல் புத்தகம் அந்தக் காலத்துல எழுதுனதுதான்.

சரி, எதிர்க்கிறவங்க பயத்துக்கு வருவோம். அத கெட்ட எண்ணம்னு தள்ளிவிடக் கூடாது. நிறைய குடும்பத்துக்கு வாழ்நாள் சேமிப்பு முழுக்க அந்த ஒரு வீட்டுலதான் இருக்கு, அது மதிப்பு குறையும்னு யாராவது சொன்னா பயம் வரத்தான் செய்யும். இதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல சோதனை நியூஜெர்சியில இருக்குற மவுண்ட் லாரல்ங்கற புறநகர். ஏழைங்களுக்கு வீடு கட்ட இடம் கொடுக்காத ஜோனிங் தப்புன்னு 1975ல மாநில உச்ச நீதிமன்றம் அந்த ஊருக்கு எதிரா தீர்ப்பு சொல்லுச்சு, 1983ல இன்னும் கடுமையா சொல்லுச்சு, அப்படியும் அங்க எதெல் லாரன்ஸ் ஹோம்ஸ்ங்கற 140 வீடுங்க வர ஆரம்பிக்கிறதுக்கே 2000 ஆயிடுச்சு. எதெல் லாரன்ஸ்ங்கறது அந்த வழக்குல முன்னாடி நின்ன பெண்மணி பேரு, வீடு கட்டி முடிக்கிறதப் பாக்காமலே அவங்க இறந்து போயிட்டாங்க. குற்றம் பெருகும், வரி ஏறும், வீட்டு மதிப்பு விழும்னு அத்தனை வருஷமா சொன்னாங்கல்ல, பிரின்ஸ்டன் பல்கலைக்கழக சமூகவியலாளர் டக்ளஸ் மாஸியும் அவர் குழுவும் பக்கத்துல இருக்குற அதே மாதிரி ஊர்களோட ஒப்பிட்டுப் பாத்து 2013ல முடிவ வெளியிட்டாங்க. மூணுலயும் இந்த வீடுகளால எந்த மாற்றமும் இல்ல. குடி வந்த குடும்பங்களுக்கு வேலையும் வருமானமும் கூடியிருந்துச்சு, பிள்ளைங்களுக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைச்சிருந்துச்சு.

ஆனா அந்த 140 வீடும் நல்ல தரத்துல கட்டி, ஒழுங்கா நிர்வாகம் பண்ணி, தொடர்ந்து பராமரிச்ச வீடுங்க. இதுல ஒண்ணு விட்டுப்போனாலும் பயந்தது நடக்கும், நடந்தும் இருக்கு. செயின்ட் லூயிஸ் நகரத்து ப்ரூயிட் ஐகோ குடியிருப்பு, 11 மாடியில 33 கட்டடம், 1950கள் நடுவுல குடி வந்தாங்க, 1972ல வெடி வச்சுத் தகர்க்க ஆரம்பிச்சாங்க. இருபது வருஷம் கூட நிக்கல. ஏழைங்கள ஒண்ணா வச்சா இப்படித்தான் ஆகும்னு இன்னைக்கு வரைக்கும் உதாரணம் காட்டுறாங்க, டிசைன் சரியில்லைன்னு ஆர்க்கிடெக்ட் மினோரு யமசாகிய குறை சொன்னவங்களும் உண்டு. பணம் எப்படி வந்துச்சுன்னு பாத்தா வேற கதை தெரியும். கட்டுறதுக்கு மட்டும் மத்திய அரசு காசு கொடுத்துச்சு, லிஃப்ட் ரிப்பேர், பைப் ரிப்பேர், காவல், துப்புரவு எல்லாம் குடியிருக்கவங்க கொடுக்குற வாடகையிலேர்ந்தே பாத்துக்கணும்னு ஏற்பாடு. அதே சமயத்துல நகரத்துல வேலையும் ஜனத்தொகையும் குறைஞ்சுக்கிட்டே போச்சு, சம்பாதிக்கிற குடும்பம் வெளியேறுச்சு, மிச்சம் இருந்தவங்ககிட்ட வாடகைய ஏத்துனாங்க, ஏத்த ஏத்த இன்னும் வீடு காலியாச்சு, காலியாக ஆக பராமரிப்புக் காசு இன்னும் குறைஞ்சுச்சு. 1969ல குடியிருந்தவங்களே வாடகை கொடுக்க மாட்டோம்னு போராட்டம் பண்ணாங்க. அதே வருஷம் வந்த சட்டத்துலதான் அரசு வீட்டு வாடகை வருமானத்துல 25 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு வச்சாங்க, 1981ல அது 30 சதவீதமாச்சு. வருமானத்துல 30 சதவீதத்துக்குள்ள வீட்டுச் செலவு அடங்கணும்னு எல்லாரும் இப்ப சொல்ற கணக்கு இந்த வழியா பரவுனதுதான். அதனால உங்க ஊர்க் கூட்டத்துல நீங்க ஒரே ஒரு கேள்விதான் கேக்க முடியும்னா, 25 வருஷம் கழிச்சு லிஃப்ட் மாத்துறதுக்கு எந்தக் கணக்குலேர்ந்து காசு வரும்னு கேளுங்க. எதிர்க்கிறவருக்கும் அதுதான் தேவையான கேள்வி, ஆதரிக்கிறவருக்கும் அதுதான். யாரும் கேக்க மாட்டேங்குறாங்க, எனக்கு அதுலதான் ஆதங்கம்.

இது பில்டருக்கு லாபம்னு சொல்றவங்க வாதத்துல எனக்கு ரொம்ப உடன்பாடான பகுதி ஒண்ணு இருக்கு, உடன்பாடு இல்லாத பகுதி ஒண்ணு இருக்கு. உடன்பாடானது, கட்டுப்படியாகுறதுன்னா யாருக்கு, எத்தனை வருஷத்துக்குன்னு கேக்குறது. நிறைய இடத்துல அந்தப் பகுதியோட நடுத்தர வருமானத்துல, அதாவது பாதிப் பேர் அதுக்கு மேலயும் பாதிப் பேர் அதுக்குக் கீழயும் இருக்குற நடு அளவுல, இத்தனை சதவீதம்னு வச்சு தகுதி நிர்ணயம் பண்றாங்க. சுத்தி இருக்குற பணக்கார புறநகரையும் அந்தக் கணக்குல சேத்துட்டா நடுத்தர வருமானம் மேல ஏறிடும், அதுல 80 சதவீதம்னு சொன்னா துப்புரவு வேலை பாக்குறவரோ கடையில வேலை பாக்குறவரோ கிட்டயே போக முடியாது. இங்கிலாந்துல 2011ல கொண்டுவந்த திட்டத்துல மார்க்கெட் வாடகையில 80 சதவீதம் வரைக்கும் வாங்கலாம், அதுக்குப் பேரு கட்டுப்படியாகுற வாடகை. மார்க்கெட் வாடகையே எட்டாத உயரத்துல இருக்கறப்போ அதுல அஞ்சுல ஒரு பங்கு குறைச்சு யாருக்கு என்ன பிரயோஜனம்?

வருஷக் கணக்கு இன்னும் முக்கியம். அமெரிக்காவுல மேரிலாந்து மாநிலத்து மான்ட்கோமரி கவுண்டி 1974லயே பெரிய திட்டங்கள்ல ஒரு பங்கு வீட்ட ஒதுக்கணும்னு சட்டம் போட்ட இடம், இந்த விஷயத்துல முன்னோடின்னே சொல்லலாம். ஆனா ஆரம்பத்துல விலைக் கட்டுப்பாடு வெறும் 5 வருஷத்துக்குத்தான் இருந்துச்சு. அது முடிஞ்சதும் வீட்ட மார்க்கெட் விலைக்கு வித்துடலாம். கஷ்டப்பட்டு சேத்த வீடெல்லாம் அப்படி கைய விட்டுப் போனப்புறம்தான் 10 வருஷமாக்கி, அப்புறம் விக்கிற வீட்டுக்கு 30, வாடகை வீட்டுக்கு 99 வருஷம்னு மாத்துனாங்க. இங்கிலாந்துல 1980லேர்ந்து நகராட்சி வீட்ட அதுல குடியிருக்கவங்களுக்கே தள்ளுபடி விலையில வித்தாங்க, 20 லட்சத்துக்கு கிட்டத்தட்ட வீடு போயிடுச்சு. வாங்குன குடும்பங்களுக்கு அது பெரிய வரம், அத நான் மறுக்கல. ஆனா வித்த அளவுக்கு திரும்பக் கட்டல, அதுல பெரிய பங்கு இப்ப தனியார்கிட்ட வாடகைக்கு ஓடுது. ஸ்காட்லாந்து 2016லயும் வேல்ஸ் 2019லயும் இந்த விற்பனைய மொத்தமா நிறுத்திடுச்சு. இதுக்கு நடுவழி ஒண்ணு வெர்மான்ட் மாநிலத்து பர்லிங்டன்ல 1984லேர்ந்து ஓடுது. நிலம் ஒரு அறக்கட்டளை பேர்ல இருக்கும், வீடு மட்டும் வாங்குறவர் பேர்ல. விக்கும்போது ஏறுன மதிப்புல 25 சதவீதம் அவருக்கு, மிச்சம் வீட்டுலயே தங்கிடும், அதனால அடுத்து வாங்குறவருக்கும் விலை குறைவாவே இருக்கும். ஒரு தடவ கொடுத்த சப்சிடி குடும்பம் குடும்பமா கைமாறிப் போகுது. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏற்பாடு இது.

உடன்பாடு இல்லாத பகுதி, மார்க்கெட் விலை வீடு கட்டுனா ஏழைக்கு ஒண்ணும் கிடைக்காதுன்னு சொல்றது. நியூசிலாந்துல ஆக்லாந்து நகரம் 2016ல குடியிருப்பு நிலத்துல ஏறக்குறைய முக்கால்வாசி இடத்துல கூடுதல் வீடு கட்ட அனுமதிச்சுது, அடுத்த சில வருஷத்துல கட்டட அனுமதி எண்ணிக்கை ரெண்டு மடங்குக்கு மேல போச்சு, இந்த மாற்றம் வராம இருந்திருந்தா வாடகை இன்னும் எவ்வளவோ ஏறியிருக்கும்னு ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வு சொல்லுது. ஹெல்சிங்கி நகரத்துல புது வீட்டுக்கு குடி போனவர் எந்த வீட்ட காலி பண்ணார், அதுக்கு யார் வந்தா, அவர் எத காலி பண்ணார்னு அரசுப் பதிவேட்ட வச்சு சங்கிலி மாதிரி பின்தொடர்ந்து பாத்தாங்க, ரெண்டு மூணு வருஷத்துக்குள்ளயே அந்தச் சங்கிலி குறைஞ்ச வருமான ஏரியா வரைக்கும் போய்ச் சேருது. ஆனா இதுக்கும் ஒரு எல்லை இருக்கு. ரொம்ப அடிமட்ட வருமானத்துல இருக்குறவங்க கொடுக்கக் கூடிய வாடகை கட்டடத்தோட நடப்புச் செலவுக்கே பத்தாது, அவங்களுக்கு அரசு காசு இல்லாம வீடு கிடையாது, எந்த ஜோனிங் மாற்றமும் அதுக்கு ஈடு ஆகாது.

ஒதுக்குற பங்கு எவ்வளவு இருக்கணும்ங்கறதுலயும் கவனம் வேணும். சான் ஃபிரான்சிஸ்கோவுல 2016ல மக்கள் ஓட்டுப் போட்டு 12 சதவீதத்த 25ஆக்குனாங்க, அந்தக் கணக்குல எந்தத் திட்டமும் கட்டுப்படி ஆகலன்னு அடுத்த வருஷமே குறைச்சாங்க. கட்டாத வீட்டுல 25 சதவீதம்னா பூஜ்யம்தான். வாடகை உச்சவரம்பும் அப்படித்தான். அதே நகரத்துல 1994ல சின்ன அபார்ட்மெண்டுகளுக்கும் வாடகைக் கட்டுப்பாட்ட நீட்டிச்சாங்க. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2019ல வெளியிட்ட கணக்குப்படி, அதுல இருந்த குடும்பங்கள் அதே வீட்டுல தொடர்ந்து இருக்கறதுக்கு அது நிஜமாவே உதவுச்சு, வயசானவங்களுக்கு இன்னும் அதிகமா. ஆனா வீட்டுக்காரங்க 15 சதவீதம் அளவுக்கு வாடகை வீட்ட குறைச்சுட்டாங்க, வித்தாங்க, இடிச்சுக் கட்டுனாங்க, அதனால நகரம் முழுக்க வாடகை ஏறுச்சு. இருக்கறவங்கள காப்பாத்தணும்ங்கற அக்கறை நியாயமானதுதான், புதுசா வர்றவங்களுக்கு வேற ஏற்பாடு பண்ணாம அத மட்டும் பண்ணா சுமை அவங்க தலையில போய் விழுது.

வியன்னாவையும் சிங்கப்பூரையும் பாருங்கன்னு கூட்டத்துல யாராவது கண்டிப்பா சொல்வாங்க. பாக்கலாம், ஆனா முழுசா பாக்கணும். வியன்னா 1923ல வீட்டு வரி ஒண்ணு போட்டுச்சு, பெரிய வீட்டுக்கு கடுமையா, சின்ன வீட்டுக்கு லேசா, அந்தக் காசுல 1934க்குள்ள 60,000க்கு மேல நகராட்சி வீடு கட்டுனாங்க, இன்னைக்கு நகராட்சிகிட்ட ஏறக்குறைய 2,20,000 வீடு இருக்கு. வருமான வரம்ப உயரமா வச்சிருக்காங்க, குடி வந்தப்புறம் சம்பளம் ஏறுனா வெளிய அனுப்ப மாட்டாங்க, அதனால டீச்சரும் பஸ் டிரைவரும் ஒரே கட்டடத்துல இருக்காங்க, அது ஏழைங்க வீடுங்கற பேரே வரல. சிங்கப்பூர்ல 1960ல வீவகங்கற அரசு வீட்டு வாரியத்த ஆரம்பிச்சு 1966ல நிலம் கையகப்படுத்தும் சட்டத்த கடுமையாக் கொண்டுவந்து, நிலத்த அரசே குறைஞ்ச விலைக்கு எடுத்துக்கிட்டதுதான் அடிப்படை. ரெண்டு இடத்துலயும் முதல்ல நிலத்துக்கும் நிரந்தர வருமானத்துக்கும் வழி பண்ணிட்டுத்தான் கட்டடத்துக்குப் போனாங்க. நிலம் விலை குறைவா கிடைக்குதேன்னு ஊருக்கு ரொம்ப வெளிய கட்டுனா என்ன ஆகும்னு மெக்சிகோ காட்டியிருக்கு, 2000களுக்கு அப்புறம் அரசு கடன்ல லட்சக்கணக்கான வீடு நகர எல்லைக்கு அப்பால வந்துச்சு, வேலைக்குப் போய்வர நேரமும் பஸ் காசும் தாங்காம எக்கச்சக்கமான குடும்பம் வீட்ட அப்படியே விட்டுட்டுப் போயிடுச்சு.

கடைசியா, உங்க ஊர்லயும் இது வந்தே தீரும், வீட்ட ஒதுக்குனா முதல்ல உள்ளூர்க்காரங்களுக்குத்தான்னு ஒரு சமரசம் பேசுவாங்க. எதிர்ப்ப அடக்க இது சுலபமான வழி, நியூயார்க் 1988லேர்ந்து இத செஞ்சுது, பிற்பாடு 50 சதவீதம் வரைக்கும் அந்தப் பகுதிக்காரங்களுக்கே முன்னுரிமை. இன வாரியா பிரிஞ்சு கிடக்குற நகரத்துல இது அந்தப் பிரிவினைய அப்படியே கெட்டியாக்குதுன்னு வழக்கு போட்டாங்க, 2024 ஜனவரியில சமரசமாகி 20 சதவீதத்துக்கு இறங்குச்சு, 2029லேர்ந்து 15. வாடகை ஏறி ஏறி சொந்தத் தெருவ விட்டே துரத்தப்படுற குடும்பத்துக்கு இந்த முன்னுரிமை தேவைதான், நான் அத எடுத்துடணும்னு சொல்ல மாட்டேன். ஆனா ஏற்கனவே வசதியா இருக்குற ஏரியாவுல இதே ரூல போட்டா அந்த வீட்டுக்கு வெளிலேர்ந்து யாரும் வர முடியாது. அதனால முன்னுரிமை எந்த ஏரியாவுக்கு, எத்தனை சதவீதம், உள்ளூர்க்காரர்னா இப்ப குடியிருக்கவர் மட்டுமா, இல்ல இங்க வந்து வேலை பாத்துட்டு தினமும் ரெண்டு மணி நேரம் பயணம் பண்ணி திரும்பிப் போறவரும் சேத்தியான்னு கொள்கையிலயே எழுதி வாங்குங்க. அந்த ரெண்டாவது ஆளையும் சேத்துக்கோங்கன்னு நான் எங்க கேட்டாலும் சொல்லுவேன்.